மூளைக்கு அடியில் ஒரு பட்டாணி

சட்டைத் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் கத்தரி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. நூல் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி ஒன்று எப்போதும் ஒரு நாடாவில் கோத்து அவள் கழுத்தில் தொங்கும். அதைவிடக் கூர்மையான ஒன்று வாயில் இருந்தது. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள், கொடுத்தது போதாது என்று பின்னாலேயே போய் மூன்றாவதையும் கொடுத்துவிட்டு வருவாள்.

பதினோரு வருடமாக அவளுக்குச் செக்கிங் மேசை. தைத்து முடித்த சட்டையை மேசையில் விரித்து, காலரில் தொடங்கி பட்டன் பட்டி, பை, கை, மணிக்கட்டுப் பட்டி, கீழ் மடிப்பு என்று ஒரே வீச்சில் பார்ப்பாள். தையல் விட்டிருந்தால், நூல் இழுத்திருந்தால், அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தையல்காரரிடமே திருப்பி அனுப்புவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று பெயர். தையல் வரிசையில் அவளைப் பிடித்தவர் ஒருவரும் இல்லை. அவளுக்கும் யாரையும் பிடிக்கவில்லை. கணக்கு சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வயது முப்பத்தேழு. கல்யாணமாகி ஐந்து வருடம் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று கணவன் வீட்டார் ஒரு பெட்டியோடு அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணன் பஸ் ஓட்டுகிறவர், வாய் திறந்து பேசாதவர். வீட்டில் பேச்செல்லாம் அண்ணிதான். அண்ணிக்கும் கத்தரிக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே குளியலறையில் முறைவைத்துக் குளித்து, எப்படியோ காலத்தை ஓட்டினார்கள்.

உடம்பைப் பற்றி அவள் அதிகம் யோசித்தவள் இல்லை. தலைவலி இருந்தது. தலைக்கு மேலே எரிகிற குழல் விளக்கைக் குறை சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டாள். மாதவிடாய் கல்யாணமான காலத்திலிருந்தே தாறுமாறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறையானது, கடைசி இரண்டு வருடமாக வரவே இல்லை. விட்டது சனியன் என்று இருந்துவிட்டாள்.

ஒரு நாள் காலையில், முப்பதாவது சட்டையோ முப்பத்தோராவது சட்டையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, தொழிற்சாலை கொடுத்த நீலக் கோட்டின் மார்புப் பக்கம் ஈரமாக இருந்ததைப் பார்த்தாள். குடித்த தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நினைத்தாள். துடைத்தாள். அரைமணி நேரத்தில் மறுபடி ஈரம். கழிப்பறைக்குப் போய்த் தாழ்போட்டுப் பார்த்தாள். முலைக்காம்பில் வெள்ளையாக ஒரு சொட்டு நின்றது. அழுத்தியபோது இன்னொன்று வந்தது.

பால்.

அவளுக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, அருவருப்பு. யாரோ தன் உடம்பைத் தனக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறமாதிரி இருந்தது. ஒன்பது வருடமாக ஓர் ஆணின் விரல்கூட அவள்மேல் படவில்லை. கைக்குட்டையை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.

பக்கத்து மேசைக்காரி பார்த்துவிட்டாள். மூன்று பிள்ளை பெற்றவள். அந்த ஈரம் என்ன ஈரம் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தையல் வரிசையின் கடைசி மெஷின் வரை செய்தி போய்ச் சேர்ந்தது. இத்தனை வருடம் சிவப்பு அம்பு ஒட்டியவள்மேல் இப்போது ஊரே அம்பு ஒட்டியது. அவள் கை கழுவும் இடத்துக்குப் போனால் பேச்சு நிற்கும். திரும்பி நடந்தால் சிரிப்பு கிளம்பும்.

"எத்தனை மாசம்?" என்று நேராகவே கேட்டான் ஒரு தையல்காரன்.

"உங்கம்மா உன்னைச் சுமந்ததைவிட ஒரு மாசம் கூட. அதான் எனக்குப் பிறக்கிறதுக்கு அறிவு இருக்கும்" என்றாள்.

வாயில் சொல்லிவிட்டாள். ஆனால் அன்று மாலை பஸ்ஸில் இறங்கும்வரை கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டே நின்றாள்.

வீட்டில் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஈரத்துணிகளைத் தனி வாளியில் ஊறவைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

"இது என்னது?"

"துணி."

"துணின்னு எனக்கும் தெரியும். நானும் ஒண்ணு பெத்து வளர்த்தவதான். இந்தக் கவிச்சி எனக்குத் தெரியாதா? யாரு அவன்?"

"யாரும் இல்ல அண்ணி."

"யாரும் இல்லாம எப்படி வரும்? நெருப்பில்லாம புகையுமா?"

"எனக்குத் தெரியல. சத்தியமா எனக்கே தெரியல."

வாயாடி என்று பெயர் வாங்கியவள் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அண்ணி நம்பவில்லை. அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பேரைச் சொல்லப் போறியா, இல்லியா?" பெயர் இல்லாததால் அவள் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட உட்காரும்போது அவள் வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணி அவளுடைய குவளையையும் தட்டையும் தனியாக எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தாள்.

இதற்கு நடுவே வேலையிலும் ஒரு தகராறு. அவள் பார்த்து அனுப்பிய சட்டைகளில் தவறுகள் தப்பிப் போகத் தொடங்கின. காலரிலும் பட்டன் பட்டியிலும் ஒன்றுகூடத் தப்பவில்லை. தப்பியதெல்லாம் கைகளின் ஓரத்தில், மணிக்கட்டுப் பட்டியில். ஒரே வாரத்தில் நாற்பது சட்டை திரும்பி வந்தது. சூப்பர்வைசர் அவற்றை அவள் மேசைமேல் கொட்டினார்.

"கண்ணு எங்க இருக்கு? புத்தி எங்க இருக்கு? வேற எங்கயோ இருந்தா இப்படித்தான்."

"என்ன சொல்ல வர்றீங்களோ அதை நேராச் சொல்லுங்க."

"நேராச் சொல்றேன். நர்ஸம்மா ரூமுக்குப் போ. டெஸ்ட் எடு. வயித்துல பிள்ளையோட நின்னு வேலை செஞ்சு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பதில் சொல்ல முடியாது."

போனாள். சிறுநீர்ச் சோதனையில் ஒரே கோடு. கர்ப்பம் இல்லை. நர்ஸம்மா சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வரிசை முழுக்க நடந்து ஒவ்வொரு மெஷினிலும் காட்டினாள் கத்தரி. இனி வாய் மூடும் என்று நினைத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கதைதான் மாறியது. வயிற்றில் இல்லை என்றால் ஏற்கெனவே பிறந்துவிட்டது என்று ஆனது. எங்கோ பெற்று எங்கோ போட்டுவிட்டாள் என்றார்கள். கலைத்துவிட்டாள், அதனால்தான் பால் கட்டியிருக்கிறது என்றாள் பக்கத்து மேசைக்காரி, ரொம்பத் தெரிந்தவள் மாதிரி.

அடுத்த திங்கட்கிழமை அவளை அட்டைப்பெட்டி மடிக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். மாற்றல் தாளில் காரணம் எழுதியிருந்தது: கவனக்குறைவு, ஒழுக்கக் குறைபாடு. இரண்டாவது சொல்லை அவள் மூன்று முறை படித்தாள்.

கவனக்குறைவு என்ற முதல் சொல்தான் அவளைக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பியது. தன் கண்ணைப் பற்றி யாரும் குறை சொல்லியதில்லை. வயதாகிறது, கண்ணாடி போட்டால் மேசையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று போனாள். கடைக்காரர் கடுகடுப்பான மனிதர். எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் படித்தாள்.

"உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம். எதுக்கு வந்தீங்க?"

"ஓரத்துல இருக்கிறது கண்ணுல படமாட்டேங்குது. கதவு நிலையில தோள் இடிக்குது. நேத்துகூட ஒரு சைக்கிள் பக்கத்துல வந்ததே தெரியல."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். "என் மூக்கையே பாருங்க. அசையக் கூடாது" என்று சொல்லி இரண்டு கைகளையும் விரித்து விரல்களை ஆட்டினார். "தெரியுதா?" "எது?" கைகளைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தார். "இப்ப?" "இல்ல." முகத்துக்கு நேராகக் கிட்டத்தட்ட வந்த பிறகுதான் விரல்கள் தெரிந்தன. இடது பக்கமும் அப்படித்தான், வலது பக்கமும் அப்படித்தான்.

அவருடைய கடுகடுப்பு போய்விட்டது. "தலைவலி உண்டா?"

"உண்டு."

"இது கண்ணோட கோளாறு இல்ல. ரெண்டு கண்ணுலயும் வெளி ஓரம் ஒரே மாதிரி போயிருக்கு. தலைக்குள்ள ஏதோ அழுத்துது. நாளைக்குன்னு தள்ளாதீங்க. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க." ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். உனக்கு உடம்பு சரியில்லை என்று அவளிடம் சொன்ன முதல் ஆள், அவளை முன்பின் பார்த்திராத அந்த மனிதர்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் பிரிவு, அங்கிருந்து நரம்புப் பிரிவு, அங்கிருந்து ஸ்கேன் என்று நான்கு நாள் அலைந்தாள். கடைசியாக மூன்றாம் மாடியில் ஹார்மோன் டாக்டரின் அறைக்கு அனுப்பினார்கள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண் டாக்டர். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"மாதவிடாய் ஒழுங்கா வருதா?"

"ரெண்டு வருஷமா இல்ல."

"மார்புல பால் வருதா?"

கத்தரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கும் செய்தி வந்துவிட்டதா என்றுதான் முதலில் தோன்றியது. "உங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள் முறைத்துக்கொண்டு.

"உங்க ஸ்கேன்தான் சொல்லுது. எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"மூணு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"திட்டு வாங்கிட்டிருந்தேன்."

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள். ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, விரலால் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"மூளைக்கு அடியில, மூக்குக்கு நேர் பின்னால, பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. பிட்யூட்டரின்னு பேரு. உடம்புல இருக்கிற மத்த சுரப்பிங்க பலதுக்கு அதுதான் மேலதிகாரி. மாசாமாசம் முட்டையை விடுன்னு சினைப்பைக்குச் சொல்றது அது. பிள்ளை பெத்தவளுக்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோனும் அங்கிருந்துதான் வருது. அதுக்குப் பேரு புரோலாக்டின். உங்களுக்கு அந்த இடத்துல ஒரு கட்டி. அது நிறுத்தாம புரோலாக்டினைக் கொட்டிட்டே இருக்கு. ரத்தத்துல இருபத்தஞ்சுக்குள்ள இருக்க வேண்டியது உங்களுக்கு ரெண்டாயிரத்தைத் தாண்டியிருக்கு."

"அதுக்கும் பாலுக்கும்…"

"மார்புக்கு நீங்க பெத்தீங்களா இல்லையான்னு தெரியாது. ரத்தத்துல வர்ற உத்தரவு மட்டும்தான் தெரியும். உத்தரவு வந்தா சுரக்கும். அதே உத்தரவைப் பாத்து, கைக்குழந்தை இருக்கிற வீடு, இப்ப முட்டை வேண்டாம்னு மேல இருந்து சினைப்பைக்குச் செய்தி நின்னுபோகும். அதான் மாதவிடாய் நின்னுது. கட்டி மேல வளர்ந்து, கண் நரம்பு ரெண்டும் ஒண்ணையொண்ணு தாண்டிப் போற இடத்தை அழுத்துது. அதான் ஓரம் தெரியல."

"புத்துநோயா?"

"இல்ல. பெரும்பாலும் கத்தி வைக்கவே வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு சின்ன மாத்திரை. கட்டி சுருங்கும்."

கத்தரி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையே பெறாத ஒருத்தியின் உடம்பு, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதென்று நம்பி, இருக்கிற கதவையெல்லாம் சாத்தி வைத்திருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த விளக்குப் பலகையை உடைக்கலாம் போல இருந்தது.

"கல்யாணமாகிப் பிள்ளை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அப்பவும் மாதவிடாய் தாறுமாறா?" என்று டாக்டர் கேட்டாள்.

"ஆமா."

"அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம். மெதுவா வளர்ற கட்டி. நிச்சயமாச் சொல்ல முடியாது, ஆனா வாய்ப்பு அதிகம். அப்ப யாரும் ரத்தம் எடுத்துப் பாக்கலியா?"

அந்தக் கேள்வியோடு அவள் படி இறங்கினாள். பதில் அவளுக்குத் தெரியும். கல்யாணமான மூன்றாவது வருடம் மாமியார் அவளை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். கருப்பை நன்றாக இருக்கிறது, கருக்குழாயில் அடைப்பு இல்லை, ரத்தத்தில் ஹார்மோன் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். வாசலுக்கு வந்ததும் மாமியார் அதைக் கிழித்தாள். "எல்லாம் நல்லா இருக்குன்னா ரத்தத்துல என்ன பூதமா இருக்கப் போவுது? இவளுக்குப் பெத்துக்க மனசில்ல" என்றாள். கணவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். பார்த்தான். மறுபடி உதைத்தான்.

மாத்திரை முதல் வாரம் வயிற்றைக் குமட்டியது, எழுந்தால் தலை சுற்றியது. மூன்றாவது வாரம் பால் நின்றது. ஒன்றரை மாதத்தில் ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. ஒரு நாள் தெருவில் நடக்கும்போது பக்கவாட்டில் ஒரு நாய் வருவதைத் திரும்பாமலே பார்த்துவிட்டாள். அந்த நாய் போகும்வரை நின்று பார்த்தாள்.

அந்த வாரமே, ஒரு மதிய நேரம், தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிற கடைக்குப் போனாள். அவளை அனுப்பி வைத்த கணவன் அங்கே ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை வழுக்கை விழுந்திருந்தது. அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அவளைப் பார்த்ததும் கடைக்கு வெளியே யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

"என்ன விஷயமா வந்த?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை "நீங்க" என்றே கூப்பிட்ட வாய் அது. "உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றாள். அவன் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது.

"எனக்குத் தலைக்குள்ள ஒரு கட்டி. அப்பவே இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. அதான் பிள்ளை தங்கல. வாரத்துக்கு ரெண்டு மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். உங்கம்மா கிழிச்சாங்களே ஒரு சீட்டு, அந்த ரத்தத்தைப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்?"

"உனக்குப் பிரயோஜனப்படணும்னு நான் வரல."

"அம்மா இப்ப இல்ல. போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"தெரியும். அவங்களுக்குப் படிப்பில்ல, தெரியாது. நீ மெக்கானிக். ஒரு மோட்டார் ஓடலைன்னா எத்தனை இடத்துல தொட்டுப் பாப்ப? என்னை ஒரு இடத்துலகூட நீ பாக்கல. ஓடலன்னதும் தூக்கி வெளிய வச்ச."

அவன் ஸ்பேனரைத் துணியில் துடைத்தான். சுத்தமாக இருந்ததையே மறுபடி துடைத்தான். "என்ன பண்ணச் சொல்ற?" என்றான் கடைசியில்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். தெரிஞ்சு வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் போனாள். இறங்கவில்லை. ஆனால் அவன் மதியச் சாப்பாடு அன்று இறங்கியிருக்காது என்ற நினைப்பு அவளுக்குச் சுகமாக இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

தொழிற்சாலையில் டாக்டரின் கடிதத்தைக் கொடுத்ததும் மேனேஜர் செக்கிங் மேசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "சந்தோஷம்தானே?" என்றார்.

"மாற்றல் தாள்ல ஒழுக்கக் குறைபாடுன்னு இருக்கு. அதை அடிச்சு, பக்கத்துல நோய்னு எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்துப் போடணும்."

"அது பழைய ஃபைல். யாரு எடுத்துப் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்."

மேனேஜர் அறையின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். காலை மணி அடித்தது, மதிய மணி அடித்தது, அவள் எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்குச் சூப்பர்வைசர் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவளும் கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரி மறுநாள் ஒரு டப்பாவில் ஏதோ பலகாரம் கொண்டுவந்து நீட்டினாள். "உனக்கே வச்சுக்கோ. வாய்க்கு வேலை வேணுமில்ல" என்றாள் கத்தரி.

வீட்டில் அண்ணி மட்டும் மாறவே இல்லை. "அதுக்கு நாங்க என்ன டாக்டருக்கா படிச்சோம்? பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்" என்றாள். மாதவிடாய் திரும்ப வந்ததும், அதை எப்படியோ தெரிந்துகொண்டு, "இனிமே பிள்ளைகூட உண்டாகுமாமே, யாராவது ரெண்டாந்தாரமாக் கேட்டா குடுத்துடலாம்" என்று அண்ணனிடம் பேசினாள். அதைக் கேட்ட வாரத்திலேயே கத்தரி தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு தனி அறை பார்த்துக்கொண்டாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். தட்டும் குவளையும் எங்கே வைப்பது என்று அவளே முடிவு செய்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, காக்கிச் சட்டையோடு அண்ணன் வந்தார். கட்டிலின் நுனியில் உட்கார்ந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"வீட்டுக்கு வாம்மா."

"வரல அண்ணா."

"அண்ணி பேசுறதைப் பெருசா எடுத்துக்காத. அவ குணம் அப்படி."

"அண்ணியை விடுங்க. அவங்க வேற வீட்டுல பிறந்தவங்க. நீங்க என்னைத் தூக்கி வளர்த்தவர். யாரு அவன்னு கேட்டீங்க. உனக்கு உடம்புக்கு என்னம்மான்னு ஒரு வார்த்தை கேக்கலியே."

"கேட்டிருக்கணும்" என்றார்.

"ஆமா. கேக்கல."

அவள் அவரைத் தேற்றவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்தார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த மாத்திரையை எத்தனை வருஷம் சாப்பிடணும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம், மூணு வருஷம். ஸ்கேன் பாத்துச் சொல்வாங்க. அடுத்தது வர்ற மாசம் பத்தாம் தேதி."

"அன்னைக்கு நான் லீவு போடுறேன்."

"வேண்டாம்" என்றாள். அவர் படி இறங்கிப் போனார். பத்தாம் தேதி காலையில் அவள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது, பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் முன்னால் நடந்தாள். அவர் பத்தடி பின்னால் வந்தார். போ என்று அவள் சொல்லவில்லை.